கடலோரப் பாணிப் படுக்கையறை ஒத்துவராதபோது: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் முறை

வெளிர் சுவர், மணல் நிறத் துணி, பிரம்பு, ஆங்காங்கே சிறிது நீலம் என்று கடலோரப் பாணி அலங்காரத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பெரிய செலவு வைக்காது என்பதால் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் படுக்கையறையை இப்படி அமைக்கப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அமைத்து முடித்த சில மாதங்களில், படத்தில் பார்த்த அறைக்கும் தாங்கள் படுத்தெழும் அறைக்கும் இடையில் ஏதோ ஒரு வேறுபாடு இருப்பதை உணர்கிறார்கள். அது என்னவென்று பிடிபடாததால் இன்னும் இரண்டு தலையணை, இன்னும் ஒரு கூடை என்று வாங்கிக்கொண்டே போகிறார்கள்.

நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலோ மத்தியதரைக் கடலோரத்திலோ எடுக்கப்பட்டவை. அங்கே வெயில் சாய்ந்து விழுகிறது. காற்றும் ஆண்டின் பெரும்பகுதியில் நம்மூர்க் காற்றைவிட உலர்ந்தது. நாம் வாழ்வதோ பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே. நண்பகலில் வெயில் தலைக்கு மேல் நிற்கிறது. ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. விடியற்காலையில் அது பெரும்பாலும் 90ஐயும் தாண்டிவிடுகிறது. ஆகவே இங்கே கடலோரப் பாணியில் தோன்றும் குறைகள் பெரும்பாலும் ரசனைக் குறைகள் அல்ல. ஒளியும் ஈரமும் செய்யும் வேலை. கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் அறைக்குப் பொருந்துவதை மட்டும் படித்தால் போதும். பல பொருந்துமானால் முதலில் ஒளி, அடுத்து காற்று, பிறகு நிறம், கடைசியில் பொருள் என்ற வரிசையில் திருத்துங்கள். வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரும்.

அறிகுறி: வெள்ளைச் சுவர் மருத்துவமனை வார்டுபோல் தெரிகிறது

பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன் விளக்கைப் பாருங்கள். வெளிச்சம் என்றால் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போனது. அதனால் சமையலறைக்குப் பொருந்தும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும்) ‘டேலைட்’ எல்இடி விளக்கையே படுக்கையறைக்கும் போட்டுவிடுகிறோம். அந்த ஒளியில் நீலக்கூறு மிகுதி. அதன் கீழ் மணல் நிறம், பிரம்பின் தேன் நிறம், வெளுக்காத லினன் துணியின் நிறம் எல்லாமே சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். மிச்சமிருப்பது சுவரின் வெள்ளை மட்டுமே.

சோதனை எளிது. இரவில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு போட்ட ஒரு மேசை விளக்கை மட்டும் ஏற்றிப் பாருங்கள். அறை உடனே இளகினால் குற்றம் சுவருடையது அன்று. பல்பை மாற்றினால் வேலை முடிந்தது. வாங்கும்போது பெட்டியில் ‘சிஆர்ஐ’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 80 என்பது சாதாரணம், 90க்கு மேல் என்றால் இயற்கை இழைகளின் நுட்பமான நிறவேறுபாடுகள் தெரியும். கூரையின் நடுவில் ஒரே விளக்காகப் போடுவதைவிட, படுக்கையின் இருபுறமும் ஒன்றும் எதிர் மூலையில் ஒன்றுமாகத் தாழ்வான விளக்குகளைப் பிரித்து வைப்பது நல்லது. மேலிருந்து மட்டும் ஒளி விழும் அறையில் எந்தத் துணியின் நெசவும் எடுபடாது.

விளக்கை மாற்றியும் சுவர் குளிராகவே தெரிந்தால், நீலமோ சாம்பலோ கலந்த வெள்ளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று பொருள். வடக்கத்திய நாடுகளின் வண்ண அட்டைகளில் புகழ்பெற்ற வெள்ளைகள் பல இந்த வகைதான். நமக்குச் சிறிது மஞ்சள் அல்லது பழுப்பு கலந்த வெள்ளையே பொருந்தும். கூரையைத் தூய வெள்ளையாகவே விட்டுவிடலாம். பளபளப்பையும் கவனியுங்கள்: பளபளப்பான பூச்சில் ஜன்னல் ஒளி பட்டால் பட்டி பூசிய சுவரின் மேடுபள்ளம் அத்தனையும் தெரியும், மேட் பூச்சு அதை மறைக்கும், ஆனால் கைக்கறையைத் துடைப்பது கடினம். படுக்கையறைக்கு இரண்டுக்கும் நடுப்பட்ட ‘எக்‌ஷெல்’ பூச்சு என் தேர்வு.

அறிகுறி: கடையில் மணல் நிறமாக இருந்தது, வீட்டில் இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ தெரிகிறது

நான்காம் மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குப் பச்சை திரிவதற்குக் காரணம் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம். தூங்குமூஞ்சி மரங்களின் இலைக்கூட்டத்தில் பட்டுத் திரும்பும் ஒளிதான் பகல் முழுவதும் அறைக்குள் வருகிறது. உயரத்தில் இருப்பவர்களுக்கு எதிர்ப் புளோக்கின் சுவர் அதே வேலையைச் செய்கிறது. நகர மன்றம் எதிர்ப் புளோக்குக்குப் புதுச் சாயம் பூசும்போது உங்கள் அறையின் நிறமும் உங்களைக் கேளாமலே மாறிவிடும். பச்சை வரும் அறைக்குச் சிறிது சிவப்புக்கூறு உள்ள மணல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

இளஞ்சிவப்புக்குப் பெரும்பாலும் தரையே காரணம். பழைய வீவக வீடுகளின் படுக்கையறைகளில் செம்பழுப்புப் பார்க்கே மரத்தரை உண்டு. அதில் பட்டு எழும் ஒளி சுவரின் கீழ்ப்பாதியைச் சிவக்கவைக்கும். 2700 கெல்வின் பல்பும் சேர்ந்துகொண்டால் மணல் நிறம் முகப்பவுடர் நிறமாகிவிடும். சுவருக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதற்கு முன், படுக்கையைச் சுற்றி ஒரு வெளிர்ப் பாயையோ விரிப்பையோ போட்டுப் பாருங்கள்; பல்பை 3000 கெல்வினுக்கு மாற்றுங்கள். அப்போதும் தீராவிட்டால் பச்சையோ சாம்பலோ சாய்ந்த மணல் நிறத்துக்குப் போகலாம்.

கடையில் கொடுக்கும் சிறு அட்டையை வைத்து எந்த நிறத்தையும் முடிவு செய்யாதீர்கள். சிறு டப்பா வாங்கி, ஏ3 அளவு கெட்டி அட்டையில் இரண்டு கோட் பூசி, அதை ஒவ்வொரு சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து, காலையிலும் பிற்பகல் வெயிலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். ஒரே அறையின் எதிரெதிர்ச் சுவர்களில் அந்த அட்டை இரண்டு நிறமாகத் தெரிவது இயல்பு.

அறிகுறி: நீலம் பூசிய சுவர் அறையைச் சுருக்கிவிட்டது, அல்லது நீச்சல் குளம்போல் ஆகிவிட்டது

நிறம் அடர்த்தி மிகுந்தது. பத்துச் சதுர மீட்டர் அறையில் நான்கு சுவர்களும் ஒன்றையொன்று பிரதிபலிப்பதால், அட்டையில் மென்மையாகத் தெரிந்த நீலம் சுவரில் அழுத்தமாகிவிடுகிறது. அதே அட்டையில் இரண்டு படி வெளிறிய, சாம்பல் கலந்த நீலத்தை எடுங்கள். தலைமாட்டுச் சுவரோடு நிறுத்துங்கள். என் கருத்தில் இங்கே நீலத்தைச் சுவரில் பூச வேண்டிய தேவையே இல்லை. படுக்கை விரிப்பின் கோடு, ஒரு பீங்கான் விளக்குத் தண்டு, ஜமுக்காளத்தின் பட்டை ஆகிய மூன்றிடங்களில் நீலம் வந்தால் போதும், அலுத்துவிட்டால் எடுத்துவிடலாம். உள்ளூர்க் கடலையே பாருங்கள்: ஈஸ்ட் கோஸ்ட்டிலிருந்து தெரிவது பச்சை கலந்த சாம்பல் நீரும் கப்பல்களும்தான், அஞ்சலட்டை நீலம் அன்று.

அறிகுறி: அறைக்குள் நுழைந்தால் ஈர வாடை, அலமாரிக்குப் பின்னாலும் தலைமாட்டுச் சுவரிலும் கரும்புள்ளிகள்

இந்த அறிகுறி தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள். பூஞ்சணம் எந்த அறையிலும் வரலாம். ஆனால் கடலோரப் பாணி அதற்கு விருந்து வைக்கிறது. வெளிர் சுவரில் முதல் புள்ளியே கண்ணில் படுகிறது. பிரம்பு, சணல், கோரை, பருத்தி, சாயம் பூசாத மரம் எல்லாம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் தாவர இழைகள். பூஞ்சணத்துக்கு உணவும் அவைதாம்.

எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காற்று குளிரக் குளிர அதனால் தாங்கக்கூடிய நீராவியின் அளவு குறையும்; ஒரு வெப்பநிலைக்குக் கீழே அது நீராகப் படியத் தொடங்கும். சிங்கப்பூரின் வெளிக்காற்றுக்கு அந்த வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. இரவு முழுவதும் குளிர்சாதனத்தை 20, 21 என்று வைத்தால் சுவரும் அலமாரியும் மெத்தையும் அந்த எல்லைக்குக் கீழே குளிர்ந்துவிடுகின்றன. காலையில் எழுந்தவுடன், காற்றோட்டம் வரட்டும் என்று நல்ல எண்ணத்தோடு ஜன்னலைத் திறக்கிறோம். நாளின் மிக ஈரமான காற்று குளிர்ந்த சுவரில் வந்து மோதுகிறது. குளிர்பானக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் சுவர் வியர்க்கிறது. துணி மூடிய தலைமாட்டுப் பலகைக்கும் அலமாரி முதுகுக்கும் பின்னால் காற்று புகாததால் அந்த ஈரம் மாலைவரை காய்வதில்லை.

முதலில் ஒரு சிறிய ஈரப்பதமானியை வாங்கி, தலைமாட்டுக்கு அருகில் வைத்து, காலை, மதியம், இரவு என்று ஒரு வாரம் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எப்போதாவது 70ஐத் தொடுவது கவலைக்குரியதன்று; நாள் முழுவதும் 70க்கு மேலேயே நின்றால் பூஞ்சணம் வருவது உறுதி என்றே வைத்துக்கொள்ளலாம். 55 முதல் 60 வரை இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்ல இலக்கு.

பிறகு பழக்கங்களைச் சரிபாருங்கள். குளிர்சாதனத்தை 25 டிகிரியில் வைத்து விசிறியையும் ஓடவிட்டால், மின்கட்டணம் குறைவதோடு சுவரும் அந்த எல்லைக்குக் கீழே போகாது. எழுந்தவுடன் ஜன்னலைத் திறக்காமல் விசிறியை மட்டும் ஓடவிட்டு, மழை இல்லாத நாளில் முற்பகல் கழிந்தபின் திறங்கள். வெயில் ஏறிய பிற்பகலில் வெளிக்காற்றின் ஈரப்பதம் 60களுக்கு இறங்குவதுண்டு. அறையோடு இணைந்த குளியலறையின் கதவைக் குளித்தபின் மூடிவைத்து, அதன் ஜன்னலைத் திறந்துவையுங்கள். டிசம்பர், ஜனவரி மழையில் துணிகளைப் படுக்கையறைக்குள் காயப்போடுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், அந்த அறையில் ஈரநீக்கி ஓட வேண்டும். அறைக்குத் தேவையானதைவிடப் பெரிய குளிர்சாதனம் பொருத்தியிருந்தால், அது அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. அப்படிப்பட்ட அறைகள் குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். குளிர்சாதனத்தில் உலர் முறை இருந்தால் இந்த இடத்தில் அது உதவும்.

பொருள்களைச் சுவரிலிருந்து விலக்குவது அடுத்தது. அலமாரிக்கும் சுவருக்கும் இடையே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தலைமாட்டுக்குத் துணி மூடிய பலகையைவிடப் பிரம்புப் பின்னல் பலகை மேல், காற்று ஊடுருவும். சுவரோடு சேர்த்துப் பொருத்திய அலமாரியானால் மேலும் கீழும் காற்றுத் துளைகள் போட்டுத் தருமாறு புதுப்பிப்புக் குத்தகையாளரிடம் கேட்கலாம்.

வந்துவிட்ட பூஞ்சணத்தின்மேல் நேராகப் பெயிண்ட் அடிக்காதீர்கள். அது பூச்சைத் துளைத்துக்கொண்டு மறுபடி வரும். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து, துணியால் ஒற்றித் துடையுங்கள். உலர்ந்த புள்ளிகளைத் தேய்த்தால் வித்துகள் அறை முழுவதும் பரவும். பிளீச்சோடு வினிகரையோ, அமிலம் கலந்த கழிவறைத் திரவத்தையோ, அமோனியா உள்ள எதையுமோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு எழும். சுவர் நன்றாகக் காய்ந்தபின் கறைமறைக்கும் பிரைமர் ஒரு கோட், அதன்மேல் பூஞ்சண எதிர்ப்புப் பெயிண்ட் இரண்டு கோட். மெத்தைக்குள்ளோ துணி மூடிய பலகைக்குள்ளோ இறங்கிவிட்டதைச் சுத்தம் செய்ய முயல்வது வீண். அதை எறிந்துவிடுவதே சிக்கனம்.

ஒரு விதிவிலக்கு. கறை கூரையில், குளியலறைச் சுவரை ஒட்டி, மஞ்சள் விளிம்போடு வட்டமாக இருந்தால் அது காற்றின் ஈரமன்று. மேல்வீட்டுத் தரையிலிருந்து இறங்கும் நீர். அதை எந்தப் பெயிண்டும் மறைக்காது. வீவக வீடுகளில் இத்தகைய கூரைக் கசிவைச் சரிசெய்யும் பொறுப்பு மேல்வீட்டார், கீழ்வீட்டார் இருவருக்கும் உண்டு என்பதால், முதலில் மேலே போய்ப் பேசுங்கள். கழகத்தின் பழுதுபார்ப்பு உதவித் திட்டம் பற்றியும் கேட்டறியுங்கள். கசிவு நின்று, கூரை முற்றாக உலர்ந்த பிறகுதான் வண்ண வேலை.

அறிகுறி: சணல் விரிப்பு நாறுகிறது, பிரம்பு நாற்காலியின் அடியில் மாவுபோல் தூள் உதிர்கிறது

சணல் ஈரமானால் வலுவிழக்கும், வாடை அடிக்கும், நீர்பட்ட இடம் பழுப்பேறும். நீரில் துவைத்தால் நிலைமை மோசமாகும். இந்த ஊரில் படுக்கையறைத் தரைக்குச் சணல் ஏற்ற பொருளே அன்று என்பது என் முடிவு. அதே தோற்றத்தை வேறு வழியில் பெறலாம்: ஈரோட்டுப் பக்கத்துப் பவானி ஜமுக்காளத்தில் நீலமும் வெள்ளையும் ஓடும் பட்டைகள் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமான கடலோர விரிப்பு வேறில்லை, மடித்துக் கொண்டுபோய்த் துவைத்து, மூங்கில் கழியில் காயப்போடலாம். பத்தமடைக் கோரைப்பாய் மெல்லியது, சுருட்டி நிறுத்தி வைக்கலாம். மலாய்க்காரர்கள் முடையும் மெங்குவாங் தாழைப்பாய்க்கும் அதே குணம். பாய் எதுவானாலும் நாள்கணக்கில் விரித்தபடியே விடாமல் அவ்வப்போது தூக்கி நிறுத்தி, அடியில் தரையை உலரவிடுங்கள்; வினைல் தரையானால் இது இன்னும் முக்கியம்.

பிரம்பிலிருந்து உதிரும் தூள் வேறு கதை. தொட்டால் முகப்பவுடர்போல் வழுவழுப்பாக இருந்து, அருகில் ஊசி முனையளவு துளைகளும் தெரிந்தால், உள்ளே இருப்பது பொடிவண்டின் புழு. அந்தப் பொருளை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். சிறிய கூடையானால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் கழித்தல் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் புழுக்கள் இறந்துவிடும். (உறைபெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் கூடையை வைக்க வீட்டில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.) நாற்காலி, கட்டில் போன்றவற்றைப் பூச்சிக்கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் விடுவதுதான் வழி. பழைய பொருளை இணையத்தில் வாங்கும்போது, வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன் கறுப்புத் துணிமீது தட்டிப் பாருங்கள். தூள் விழுந்தால் வேண்டாம்.

பிரம்புப் பின்னல் தொய்ந்திருந்தால் அது நோயன்று. அடிப்புறத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்கி, யாரும் உட்காராமல் விசிறிக் காற்றில் காயவிட்டால் பின்னல் தானாக இறுகும். அறுந்திருந்தால் மட்டும் மறுபின்னல் தேவை.

ரப்பர் மரச் சாமான்கள் வெளிர் நிறத்துக்காக விரும்பி வாங்கப்படுகின்றன. சரியாகப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் எளிதில் பற்றும் என்பதால், கண்ணில் படாத அடிப்பக்கமும் முதுகும் வார்னிஷ் பூசப்பட்டிருக்கின்றனவா என்று கடையிலேயே குனிந்து பாருங்கள்.

அறிகுறி: அறை கடலுணவு உணவகம்போல் ஆகிவிட்டது

நங்கூரம், கயிறு சுற்றிய கண்ணாடி, மரத்தில் செதுக்கிய மீன், ‘பீச்’ என்று எழுதிய பலகை, சுக்கான் வடிவக் கடிகாரம். இவற்றில் ஒன்று இருந்தால் குறும்பு. மூன்று இருந்தால் சில்லி நண்டு எப்போது வரும் என்று விருந்தாளி எதிர்பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் அப்படியே இருந்து பாருங்கள். எதை உண்மையாகவே தேடினீர்களோ அதை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

சிப்பிகள் வாடையடித்தால் உள்ளே உயிரியின் எச்சம் இருக்கிறது. நீர்த்த பிளீச்சில் ஊறவைத்து, கழுவி, வெயிலில் காயவைக்க வேண்டும். எங்கிருந்து வந்தவை என்பதும் முக்கியம். சுற்றுலாத் தலங்களில் விற்கும் ராட்சதச் சிப்பி, கல்பவளம், இராணிச் சங்கு, 2017 முதல் நாட்டிலஸ் ஓடு ஆகியவை அழிந்துவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. அவற்றை எல்லை கடந்து கொண்டுவர அனுமதிச்சீட்டு தேவைப்படலாம். பயணத்துக்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். செக் ஜாவா போன்ற உள்ளூர்க் கரைகளிலிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுத்து வராதீர்கள். வெற்றுச் சிப்பி என்று நாம் நினைப்பதில் துறவி நண்டு குடியிருக்கும்.

கண்ணாடிக் குடுவையில் நீர் ஊற்றி ஓர் இலைக்கிளையைச் செருகி வைப்பது இந்தப் பாணியில் வழக்கமான அழகு. டெங்கி உள்ள ஊரில் அந்த நீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி, குடுவையின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முடியாதவர்கள் குடுவையைக் காலியாக வைக்கலாம். அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

அறிகுறி: பெற்றோர் கொடுத்த தேக்குக் கட்டில் அறையோடு ஒட்டவில்லை

வெளிறிய மரமே கடலோர மரம் என்ற எண்ணத்தால் வரும் குழப்பம் இது. உப்புக்காற்றிலும் குளிரிலும் வெளுத்த மரம் வடக்குக் கரைகளுக்கு உரியது. வெப்பக் கடல்களின் கரையில் வீடு கட்டியவர்கள் கரிய மரத்தையே பயன்படுத்தினார்கள். சிங்கப்பூரிலேயே அலெக்ஸாண்ட்ரா, செம்பவாங், சாங்கி பகுதிகளில் நிற்கும் கறுப்பு வெள்ளை பங்களாக்களைப் பாருங்கள்: வெள்ளைச் சுவர், கரிய மரச்சட்டம், உயர்ந்த கூரை, தாழ்வாரத்தில் தொங்கும் மூங்கில் தட்டித் திரை. 1966இல் தொடங்கிய கடல்தூர்ப்புக்கு முன் கடலைப் பார்த்து நின்ற காத்தோங் வீடுகளும் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டு, காற்றை உள்ளே அழைத்தன. நமக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கும் கடலோர மரபு இதுதான்.

ஆகவே கட்டிலுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிக்காதீர்கள். தேக்கின் எண்ணெய்ப் பசையில் அது சரியாகப் பிடிக்காது, மனத்தாங்கலும் மிஞ்சும். கட்டில் ஒட்டாமல் தெரிவதற்குக் காரணம், அறையில் கரியது அது ஒன்றே என்பதுதான். அதே கருமையை இன்னும் இரண்டு சிறிய இடங்களில் கொண்டுவாருங்கள்: ஒரு படச்சட்டம், திரைக்கம்பு, அல்லது விளக்கின் அடிப்பாகம். விரிப்பு வெள்ளையாகவும் தரைவரை தொங்காமலும் இருக்கட்டும். கட்டிலின் கால்கள் தெரிந்தால் கனம் குறைந்து தோன்றும்.

அறிகுறி: பார்க்கக் காற்றோட்டமாக இருக்கிறது, படுத்தால் புழுக்கம்

அடுக்கடுக்கான துணிகளே காரணம். விரிப்பு, அதன்மேல் போர்வை, கால்மாட்டில் பின்னல் சால்வை, ஆறு தலையணை என்பது குளிர்நாட்டு ஏற்பாடு. இங்கே ஒரு விரிப்பும் ஒரு மெல்லிய போர்வையும் போதும். வாங்கும்போது துணியின் சீட்டைப் படியுங்கள்: ‘லினன் தோற்றம்’ என்று விற்பதில் பல பாலியெஸ்டர். உண்மையான லினனும் சாதா நெசவுப் பருத்தியும் வியர்வையை உறிஞ்சி விரைவில் உலரும். அழுத்தி நெய்த, நூல் எண்ணிக்கை மிக அதிகமான துணி விலை கூடியது என்பதற்காக இந்தக் காலநிலைக்கு உகந்தது என்று எண்ண வேண்டாம். அதில் காற்று புகாது. அராப் ஸ்திரீட்டிலும் தேக்காவிலும் பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி உறை தைத்துக்கொள்வது இன்னும் நல்ல வழி.

பொய்க்கூரை அமைத்து விளக்குகளைப் புதைக்க நினைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். வீவக விதிப்படி பொய்க்கூரைக்குக் கீழே குறைந்தது 2.4 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். இருக்கும் உயரத்தில் அதற்கு இடம்விட்டால் விசிறிக்கு இடமிருக்காது. விசிறியா புதைவிளக்கா என்றால் நான் தயங்காமல் விசிறியைத்தான் சொல்வேன்.

அறிகுறி: திரைச்சீலை ஒரே ஆண்டில் வெளுத்துவிட்டது, மாலையில் அறை காய்கிறது

மேற்குப் பார்த்த ஜன்னல்களுக்கு இது எதிர்பார்த்ததே. ஆனால் வடக்கு, தெற்கு ஜன்னல்காரர்களும் முறையிடுவதுண்டு: இந்த அட்சரேகையில் ஜூனை ஒட்டிய மாதங்களில் சூரியன் வடபுறமாகவும் டிசம்பரை ஒட்டித் தென்புறமாகவும் சாய்ந்து செல்வதால், இரு திசைகளுக்கும் ஆண்டில் ஒரு பருவம் வெயில் உண்டு. துணிச் சாயங்கள் பல வெயிலில் விரைவில் சோர்ந்துபோகும். எனவே கண்ணாடிக்கு அருகில் வெள்ளை உருளைத் திரை, அதன் உட்புறம் மெல்லிய பகல் திரை என்று அமைத்து, நிறமுள்ள துணியை வெயில் நேரே படாத இடத்துக்கு மாற்றுங்கள். கம்பைக் கூரையை ஒட்டிப் பொருத்தி, ஜன்னலின் இருபுறமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் நீட்டினால், பகலில் துணி முழுவதும் சுவரின்மேல் ஒதுங்கி, கண்ணாடி முழுதாகத் திறக்கும். மூங்கில் தட்டியை விரும்புபவர்கள் அதை ஜன்னலுக்கு உட்புறம் மட்டுமே மாட்ட வேண்டும். உயரமான புளோக்கில் வெளியே தொங்கும் எதுவும் கீழே நடப்பவருக்கு ஆபத்து.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் அறை ஓய்வாக இல்லை

படுக்கையில் படுத்தபடி எதிரே என்ன தெரிகிறது என்று பாருங்கள். அலமாரிமேல் பயணப்பெட்டி, நாற்காலியில் மடிக்காத துணி, மூலையில் துணி தேய்க்கும் பலகை, மேசையில் மின்கம்பிச் சிக்கல் என்றால் எந்தப் பாணியும் அதை வெல்லாது. படுக்கையின் கண்மட்டத்தில் வரும் ஒரு சுவரையாவது முழுதாகக் காலியாக்குங்கள். தீபாவளிப் புடவைகளும் பட்டு வேட்டிகளும் கட்டிலடி இழுப்பறைக்குப் போகலாம். ஆனால் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் திறந்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகளை வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள். மூடியுள்ள பிரம்புக்கூடைகள் பார்க்க அழகு. அவற்றில் தினம் எடுக்கும் பொருளை மட்டும் வையுங்கள், அப்போதுதான் உள்ளே காற்று படும்.

மரீன் பரேட், பாசிர் ரிஸ் போலக் கடலுக்கு அருகில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு: திரைக்கம்பின் திருகுகளும் சுவர்க் கொக்கிகளும் துருவேறி, வெளிர் சுவரில் பழுப்புக் கோடு இறக்கும். சாதாரண இரும்புக்குப் பதில் துருப்பிடிக்காத 316 தர எஃகுத் திருகுகளைக் கேட்டு வாங்குங்கள். கோடு இறங்கிவிட்டிருந்தால் முதலில் திருகை மாற்றி, அதன் பிறகு கறைமறைக்கும் பிரைமரை அந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசி, மேலே மீதமிருக்கும் பழைய பெயிண்டையே அடியுங்கள். அதற்காகவே டப்பாவை மூடி, நிற எண்ணை மூடியில் எழுதி வைத்திருக்க வேண்டும்.